பித்தளை மூக்கு

— கையை எடு சாமி. பொட்டியை ரிப்பேரு பண்றதுக்கு உன்னைக் கூப்புடல. பதில் சொல்றதுக்குக் கூப்ட்டேன்.

— திறந்து பார்க்காம என்ன பதிலைச் சொல்றது நாயக்கரே? ஜோசியமா பார்க்கச் சொல்றேள்?

— பாக்கறதுன்னா பின்னால போய்க் குழியைப் பாரு. விஜயதசமியும் அதுவுமா நாலு ஆளுங்க மண்ணு தள்ளிக்கினு கீறானுங்க. ரெண்டாயிரம் கோயிக் குஞ்சுல ஆயிரத்து நூறு போச்சு. பதினஞ்சு நாள் குஞ்சு சாமி. இப்பத்தான் ரெக்கை முளைச்சுது. நேத்து காலைல என் காலைச் சுத்திக்கினு கத்துச்சுங்க. சாயங்காலம் கூடையில அள்ளினேன்.

— எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. நான் ஒண்ணும் கல்லு இல்லை. ஆனா இந்தப் பெட்டி நாலு மாசமா…

— நாலு மாசமா இன்னா? பாலூட்டி வளத்துதா? தர்மோ பொட்டின்னு பேரு சொன்னியே, தர்மமாய்யா இது பண்ணது?

— தெர்மோஸ்டாட்.

— இன்னாவோ ஒரு ஸ்டாட்டு. அம்பத்தூர் கம்பெனில வேலை பாத்த புள்ள, கோயில் கைங்கரியம் பண்ற வூட்டுப் புள்ள, உத்தரமேரூர் பஜார்ல ரேடியோ கடை வெச்சிக்கினு கீறான், சேஷு சாமி பொய் சொல்ல மாட்டான்னு நம்பிக் கொட்டாய்க்குள்ள உட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்.

— நான் என்ன பொய் சொன்னேன்? சொல்லுங்கோ, தெரிஞ்சுக்கறேன்.

— ஆனி மாசம் இதே எடத்துல நின்னுக்கினு இன்னா சொன்னே? ‘எண்பத்தஞ்சாம் வருஷம் ஆயிடுத்து நாயக்கரே, இன்னும் கரியை ஊதிண்டு இருக்கேளே. இனிமே கொட்டாயே தன்னைப் பார்த்துக்கும். குளிர்ந்தா பல்பு தானா எரியும், சுட்டா ஃபேன் தானா ஓடும். நீங்க கால் மேல கால் போட்டுண்டு தூங்கலாம்.’ சொன்னியா இல்லியா?

— சொன்னேன். தூங்கினேளா இல்லையா?

— இன்னாது?

— நாலு மாசம் தூங்கினேளா இல்லையா? அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்கோ. ஆனிக்கு முன்னாடி ராத்திரிக்கு மூணு மூட்டை கரி. உங்க சவுக்குத் தோப்பு ஒவ்வொரு பக்கமா மொட்டையாயிண்டே வந்தது. புகையில குஞ்சு மூச்சுத் திணறிச் செத்தது. நடுவுல கொஞ்ச நாள் பல்பு போட்டுப் பார்த்தேள், அணைக்க மறந்து பகலெல்லாம் எரிஞ்சது. ஃபேன் ஓட வேண்டிய நேரத்துல ஓடலை, கீழே எரு ஈரமாகி நாத்தம் பள்ளிக்கூடம் வரைக்கும் போச்சு. ஹெட்மாஸ்டர் உங்க மேல பெட்டிஷன் எழுதினார். இந்த நாலு மாசத்துல ஒரு பிள்ளையாவது மூக்கைப் பிடிச்சிண்டு இந்தப் பக்கம் போச்சா?

— போவல.

— குஞ்சு சாவு?

— வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு. அவ்ளோதான்.

— கரண்ட்டு?

— பாதிதான். மரம் வெட்றதும் நின்னு போச்சு. எல்லாம் மெய்தான் சாமி. கட்டினவன் நாலு மாசம் நல்லவனா இருந்துட்டு அஞ்சாம் மாசம் கழுத்தை நெறிச்சுட்டான். அவகிட்ட போயி அந்த நாலு மாசத்தைச் சொல்லிக்கினு இருப்பியா?

— கழுத்தை நெறிச்சது பெட்டிதான்னு யார் சொன்னா? நீங்க வந்தப்போ என்ன பார்த்தேள்? ஒண்ணு விடாம சொல்லுங்கோ.

— மூணு மணி இருக்கும். வெளிய வெயிலு மண்டையைப் பொளக்குது. உள்ள வந்தேன். நாப்பது பல்பும் எரியுது. ஃபேனு ஒண்ணுகூட சுத்தல. அடுப்புக்குள்ள தலையை வுட்டாப்பல இருந்துச்சு. குஞ்சுங்க வாயைப் பொளந்துக்கினு, கழுத்தை நீட்டிக்கினு ஒண்ணு மேல ஒண்ணு.

— பட்டப்பகல்ல பல்பு எரிஞ்சதா? அப்போ பெட்டி, குளிர்றதுன்னு நெனச்சிருக்கு. ஏன் நெனச்சது? படுதா எல்லாம் இறங்கித்தானே இருந்தது?

— அங்கதான் சாமி கீது விசயம். வடக்கால இருக்கிற சாக்குப் படுதா எறங்கி இருந்துச்சு. தெக்கால பூராத்தையும் இடுப்பு ஒசரத்துக்குச் சுருட்டிக் கட்டி வெச்சிருந்துச்சு.

— இதை மொதல்லயே சொல்லப்படாதோ? கேஸ் முடிஞ்சது. படுதாவைத் தூக்கினா காத்து உள்ளே வரும். நடுக் கம்பத்துல பித்தளை மூக்கு ஒண்ணு தொங்கறதே, அதுல காத்து படும். பட்டா மூக்கு குளிரும். மூக்கு குளிர்ந்தா பல்பு எரியும். பெட்டி தன் வேலையைச் சரியாத்தான் பண்ணியிருக்கு. படுதாவை யார் தூக்கினாளோ அவாதான் கொன்னவா.

— எனக்கும் அதான் தோணுச்சு. உன் வாயால வரட்டும்னு இருந்தேன்.

— யாருன்னு தெரியுமா?

— தெரியாம? சிட்டம்மா. ஆறு வருசமா குஞ்சு பாக்கறவ. வரப்புக்கு அந்தாண்ட நம்ம அறையிலதான் குடியிருக்கா. உன் பொட்டி வந்தப்பறம் அவளுக்கு இன்னா வேலை? எரு அள்றது, தண்ணி ஊத்தறது, அவ்ளோதான். பொங்கலோட நின்னுக்கோன்னு சொல்லிட்டேன். அதுலேர்ந்து மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினு கீறா. பம்பு செட்டாண்ட நாலு பொம்பளைங்க எதிர்ல, ‘இந்தப் பொட்டி எத்தினி நாளைக்குன்னு பாக்கறேன்’னு பேசியிருக்கா. நேத்து லீவு. பூஜை அன்னிக்கு ஒருத்தரும் வேலைக்கு வரல. இவ மட்டும் மத்தியானம் கொட்டாய்க்குள்ள நிக்கறா. என் கண்ணாலயே பாத்தேன். வெரட்டி வுட்டேன்.

— அப்புறம் என்ன யோசனை?

— யோசனையே இல்ல. பொழுது சாயறதுக்குள்ள அறையைக் காலி பண்ணணும். ஸ்டேசன்ல எழுதியும் குடுக்கப் போறேன். இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு கொட்டாய்லயும் அவளை ஏத்தக் கூடாது. உன்னைக் கூப்ட்டதே அதுக்குத்தான். பொட்டி மேல குத்தமில்ல, படுதாவைத் தூக்கினதுதான் காரணம்னு நீ படிச்சவனா ஒரு கடுதாசி எழுதிக் குடு. வர்றா பாரு. வா மே, வா.

— வரச் சொன்னியாமே நைனா.

— நேத்து மத்தியானம் கொட்டாயில உனக்கு இன்னா வேலை? சாமி எதிர்ல சொல்லு. இவுரு படிச்சவரு. பொய் சொன்னா கண்டுபுடிச்சிடுவாரு.

— வேலி வரைக்கும் கேட்டுச்சு, படிச்சவரு கண்டுபுடிச்சது. குளிர் காத்து அடிச்சுக் குஞ்சு செத்துப்போச்சாமே?

— படுதாவைத் தூக்கினது நீதானே சிட்டம்மா?

— நான்தான்.

— பாத்தியா சாமி! வாயாலயே ஒத்துக்கினா! மே, உன் மூட்டையைக் கட்டிக்கினு…

— இரு நைனா. ஒத்துக்கினேன், ஓடியா போவப் போறேன்? இவுரைக் கொஞ்சம் கேட்டுக்கறேன். ஏன் சாமி, நேத்து ஒரு மணிக்கு எங்க குளிர் காத்து அடிச்சுது? செருப்பில்லாம வரப்பு மேல நடந்து வந்தேன், பாதம் பொத்துப் போச்சு. ஊட்டியிலேர்ந்து பஸ்ஸு ஏத்தி அனுப்பினாங்களா அந்தக் காத்தை?

— மரியாதையாப் பேசு.

— மரியாதையாத்தான் கேக்கறேன். நான் தூக்கினது எந்தப் பக்கம்?

— தெற்குப் பக்கம்.

— செத்தது எந்தப் பக்கம்?

— அது… நாயக்கரே, செத்தது எந்தப் பக்கம்?

— வடக்கால, நடுத் தட்டிக்கு அந்தாண்ட இருந்தது.

— தெற்குப் பக்கம்?

— அங்க ஒண்ணு ரெண்டுதான். மீதி தொள்ளாயிரமும் அந்தப் பக்கம்தான் கத்திக்கினு கீது. உள்ள போய்ப் பாரு.

— கேட்டுக்கினியா சாமி? காத்து பட்ட பக்கம் உசுரோட கீது. படாத பக்கம் குழியில கீது. இன்னா படிப்பு சாமி படிச்சே நீ?

— நாயக்கரே, அவளை வாயை மூடச் சொல்லுங்கோ. எனக்கு ஒரு நிமிஷம் வேணும்.

— இன்னா ஒரு நிமிசம்? இப்பத்தான் கேஸ் முடிஞ்சதுன்னே?

— முடிஞ்சதுன்னுதான் நெனச்சேன். கணக்கு ஒதைக்கறது. மூக்கைப் பார்த்தே ஆகணும். நடுக் கம்பத்துக்கு வாங்கோ. பார்த்து, குஞ்சு மேல காலை வெச்சுடாதீங்கோ.

— எனக்குச் சொல்லித் தர்றியா? மே, நீயும் வா. எங்கயும் நழுவிக்கினு போவலாம்னு பாக்காதே.

— எங்க போறது நைனா? நீதான் போவறதுக்கு எடமில்லாம பண்ணப் போறியே.

— இது என்ன?

— எது?

— இதோ, இது. மூக்கு மேல மஞ்சள் துணி சுத்தியிருக்கு. அதுக்கு மேல இத்தனை கனத்துக்கு என்னமோ காய்ஞ்சு வெடிச்சிண்டு… சந்தனமா?

— ஆமா. நேத்து ஆயுத பூஜை ஆச்சே.

— யார் வெச்சா?

— நான்தான் வெச்சேன். பின்ன, காஞ்சிபுரத்துலேர்ந்து ஆள் வந்தா வெப்பான்?

— போயும் போயும் மூக்கு மேலயா வெப்பேள்?

— எல்லாத்துக்கும் வெச்சேன். ஃபேனுக்கு வெச்சேன், தண்ணி டிரம்முக்கு வெச்சேன், டிராக்டருக்கு வெச்சேன், மம்பட்டிக்குக்கூட வெச்சேன். இதுக்கு மட்டும் ரெண்டு மடங்கு. கொட்டாயோட உசுரே இந்த மூக்குலதான் கீதுன்னு நீதான சொன்னே? உசுரு கீற எடத்தை வுட்டுட்டு டிரம்முக்கு மட்டும் பொட்டு வெச்சா நல்லாவா இருக்கும்?

— துணி ஈரமா இருந்துதா?

— மஞ்சத் தண்ணில முக்கி, பிழியாம கட்டினேன். பிழிஞ்சா நிறம் எறங்கிடும்னு வூட்ல சொன்னாங்க. சந்தனம் நானே கல்லுல அரைச்சேன். இந்தக் கையால. அது மேல குங்குமம். அதுக்கும் மேல சாமந்திப் பூ ஒரு மொழம், தண்ணி தெளிச்சு.

— எத்தனை மணிக்கு?

— பதினோரு மணி இருக்கும். கற்பூரம் காட்டிட்டு வூட்டுக்கு சாப்புடப் போய்ட்டோம்.

— பெருமாளே.

— இன்னா பெருமாளே? இன்னான்னு சொல்லு.

— நாயக்கரே, சித்திரை வெயில்ல மார்ல சந்தனம் பூசிக்கறேளே, எதுக்கு?

— குளிர்ச்சிக்கு.

— ஜுரம் வந்தா நெத்தியில ஈரத் துணி போடறேளே, எதுக்கு?

— அதுவும் குளிர்ச்சிக்குத்தான். இப்ப எதுக்கு இந்தக் கேள்வி?

— இதுக்கும் குளிர்ந்துடுத்து.

— எதுக்கு?

— இந்த மூக்குக்கு. வெளியில வெயில் கொளுத்தறது, குஞ்செல்லாம் வேகறது. இது மட்டும் ஈரத் துணியைப் போத்திண்டு, உடம்பெல்லாம் சந்தனம் பூசிண்டு, ஜில்லுன்னு உட்கார்ந்திண்டிருக்கு. தனக்குக் குளிர்றதே, குஞ்சுக்கும் குளிருமேன்னு ஃபேனை நிறுத்திட்டு நாப்பது பல்பையும் போட்டுடுத்து. துணி காயற வரைக்கும் அப்படியேதான் இருந்திருக்கும்.

— சும்மா கதை வுடாதே. சாமிக்கு வெக்கிற சந்தனம் போய் உசுரை எடுக்குமா?

— சந்தனம் எடுக்கலை. அதை வெச்ச எடம் எடுத்தது.

— அப்ப நான் கொன்னேன்ற.

— நான் அப்படிச் சொல்லலை.

— வேற எப்படிச் சொல்றதுய்யா அதை? என் கையால வெச்சேன், அதனால செத்துச்சு. அதானே? உன் பொட்டியைக் காப்பாத்திக்கறதுக்கு மொதல்ல இவ தலையில கட்டினே, இப்ப என் தலையில கட்றே. நாளைக்கு என் சம்சாரம் மஞ்ச அரைச்சதுதான் காரணம்னு சொல்லுவே.

— பெட்டி மேலேயே எழுதி ஒட்டியிருந்தேனே, பெட்டியையும் மூக்கையும் யாரும் தொடக் கூடாதுன்னு. சிவப்பு மசியில.

— பூஜை பண்றது தொடறதாய்யா?

— தொடாம எப்படிப் பூஜை பண்ணுவேள்?

— அந்தப் பேச்சே வேணாம். நான் ஒண்ணு கேக்கறேன், கோயில் வூட்டுப் புள்ளையா பதில் சொல்லு. நேத்து உன் கடையில நீ பூஜை போட்டியா இல்லியா?

— போட்டேன்.

— ரேடியோவுக்கெல்லாம் பொட்டு வெச்சியா?

— வெச்சேன்.

— மீட்டருக்கு?

— மீட்டருக்கும் வெச்சேன்.

— நீயே உன் மிஷினுக்கெல்லாம் வெச்சிருக்கே. நேத்து ஊரே வெச்சிக்கினு கீது. ‘நாயக்கரே, எல்லாத்துக்கும் வைங்கோ, இதுக்கு மட்டும் வேண்டாம்’னு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னியா?

— சொல்லலை.

— ஏன் சொல்லல?

— தோணலை. அம்பத்தூர்ல எலி கடிச்சா என்ன பண்றது, இடி விழுந்தா என்ன பண்றது, எல்லாம் சொல்லிக் குடுத்தா. ஆயுத பூஜை வந்தா என்ன பண்றதுன்னு யாரும் சொல்லிக் குடுக்கலை. எனக்காவது தோணியிருக்கணும். தப்புதான்.

— ஆங். தப்புதானாம். ஆயிரத்து நூறு குஞ்சு.

— ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சண்டை போட்டுக்கினு இருங்க. நான் மூட்டை கட்டணுமா வேணாமா, அதை மட்டும் சொல்லிடுங்க. பொழுதோட கெளம்பினாத்தான் பஸ்ஸு கெடைக்கும்.

— நீ ரொம்பத் துள்ளாதே மே. உன் கணக்கு இன்னும் முடியல. பல்பு எரியறதைப் பாத்தே, குஞ்சு வேவறதைப் பாத்தே, தெக்கால மட்டும் தூக்கினே. வடக்கால ஏன் தூக்கல? பாதியைப் பொழைக்க வெச்சு, பாதியைச் சாவ வுட்டியே, அதுக்குப் பேரு இன்னா? வஞ்சம்தானே?

— நெஜமாத்தான் கேக்கறியா நைனா?

— ஆமா.

— தெக்கால பதிமூணு படுதா. ஒண்டி ஆளா ஒவ்வொண்ணா சுருட்டிக் கட்டினேன். முடிச்சுட்டு வடக்கால வந்து மொத கயித்தைப் புடிச்சேன். அப்பத்தான் நீ வந்தே.

— நான் பூஜைத் தட்டு எடுக்க வந்தேன்.

— ஆமா, தட்டு எடுக்க வந்தே. உள்ள ஓர் அடி வெக்கல. வாசல்லேர்ந்தே கத்தினே. இன்னான்னு கத்தினே? சாமி கேக்கட்டும், சொல்லு.

— ஏதோ கோவத்துல…

— சரி, நானே சொல்றேன். ‘பூஜை போட்ட எடத்துல உனக்கு இன்னாடி வேலை? குளிச்சியா முழுகினியா? நீயெல்லாம் உள்ள கால் வெச்சா வெளங்குமா? வெளியே போ, காலை ஒடைச்சிடுவேன்’னே. கயித்தைக் கீழே போட்டேன். பல்பு எரியுது நைனான்னு சொன்னேன். வாயை மூடுன்னே. குஞ்சுங்க வாயைப் பொளக்குது நைனான்னு சொன்னேன். கல்லை எடுத்தே.

— நீ சொன்னியா?

— ரெண்டு தரம்.

— என் காதுல விழல.

— என்கிட்டேர்ந்து வந்தா எப்படி விழும்?

— நாயக்கரே, கல்லை எடுத்தேளா?

— நீ சும்மா இரு சாமி.

— நான் ஏன் சும்மா இருக்கணும்? இவ சொன்னப்போ மணி ஒண்ணரை இருக்கும். அப்போ நீங்க ரெண்டு அடி உள்ளே வந்திருந்தா முக்கால்வாசி பிழைச்சிருக்கும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கு?

— வெளிய இரும்புப் பொட்டியில. பூட்டி கீது. சாவி என் இடுப்புல.

— நன்னாயிருக்கு. சாவி உங்க இடுப்புல, கல்லு உங்க கையில. இத்தனைக்கும் மெயின்கூட வேண்டாம். மூக்குலேர்ந்து போறதே இந்த ஒயர், இது ஒண்ணு அறுந்தா மொத்தமும் நின்னுடும், நான் அப்படித்தான் பண்ணி வெச்சிருக்கேன். ஃபேன் ஓடாது, பல்பும் எரியாது. ஃபேன் இல்லாட்டாலும் வெறும் வெயிலை அதுகள் சாயங்காலம் வரைக்கும் தாங்கியிருக்கும். பல்பு சூடுதான் கொன்னது. யாராவது இந்த ஒயரை ஒரு இழு இழுத்திருந்தா போதும்.

— போதும், நிறுத்து. செத்ததை எத்தினி தரம் சாவடிப்பே? ஊர்ல இன்னா சொல்றது, அதைச் சொல்லு.

— நடந்ததைச் சொல்லுங்கோ.

— என் கை பட்டுச் செத்துச்சுன்னா? கரண்ட்டு கோளாறுன்னு சொல்லிக்கிறேன். பொட்டி கெட்டுப்போச்சுன்னு.

— பெட்டி மேல பழி போட்டா நாளையிலேர்ந்து என் கடைக்கு ஈ காக்கா வராது. அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். மூக்கு மேல ஒரு கம்பி வலைக் கூடு போட்டுத் தர்றேன், ஒருத்தரும் கை வெக்க முடியாது. சூடு எல்லை தாண்டினா மணி அடிக்கற மாதிரியும் பண்றேன். ஆனா மணி அடிச்சா வந்து பார்க்கறதுக்கு ஒரு ஆள் வேணும். குஞ்சைப் பார்த்த உடனே என்னன்னு தெரிஞ்ச ஆளா இருக்கணும்.

— இப்ப சொல்லு. ஆனியில இன்னா சொன்னே? ஆளே வேணாம்னே.

— ஆளை நிறுத்துங்கோன்னு நான் சொல்லலை. தூங்கலாம்னுதான் சொன்னேன். இவளும் சேர்ந்து தூங்கட்டும்னுதான் சொன்னேன். ராத்திரிக்கு நாலு தரம் எழுந்து புகையில நின்னு கண்ணைக் கெடுத்துக்காம இருப்பாளேன்னுதான். நிறுத்தினது நீங்க.

— எனக்காவச் சொன்னியா சாமி? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நாலு மாசமா அந்தப் பொட்டியை நான் சபிச்சிக்கினு கீறேன்.

— உன்கிட்ட சொல்லணும்னும் தோணலை.

— தோணல தோணலன்னே சொல்லிக்கினு இரு. மே, இங்க வா. கையை நீட்டு.

— இன்னா நைனா இது?

— மெயின் சுவிச்சு சாவி. இனிமே உன்கிட்டயே இருக்கட்டும். பொங்கலோட நின்னுக்கோன்னு சொன்னதை மறந்துடு. அறையும் உன்னுதுதான். ஸ்டேசனுக்கெல்லாம் போவல.

— மெய்யாவா?

— மெய்யாத்தான். இன்னா பாக்கறே? சாமி, நீயே சொல்லு. என் கூடப் பொறந்தவனுங்க ரெண்டு பேரு ஊர்ல கீறானுங்க. நேத்து ஒருத்தனாவது இந்தப் பக்கம் எட்டிப் பாத்தானா? லீவு நாளு, கூலியும் கெடையாது, வெயிலு அப்படி. கால் பொத்துப் போவ வந்து குஞ்சு எப்படி கீதுன்னு பாத்தா பாரு. நான் போவச் சொன்ன எடத்துக்கு இவ வந்து நின்னா. அதான் விசுவாசம். ஊருக்கே சொல்லப் போறேன்.

— வேணாம் நைனா.

— ஏன் வேணாம்? வாய் நெறையச் சொல்லுவேன். தொள்ளாயிரம் உசுரு உன் விசுவாசத்தால பொழைச்சுதுன்னு…

— அந்த வார்த்தையைச் சொல்லாதே. நாராசமா கீது. வஞ்சம்னு சொன்னே, தாங்கிக்கினேன். கல்லை எடுத்தே, அதையும் தாங்கிக்கினேன். இது முடியல.

— இன்னா மே சொல்றே? பின்ன எதுக்கு வந்தே நேத்து?

— இந்தா, சாவியை மொதல்ல நீ புடி. அப்பால சொல்றேன்.

— சிட்டம்மா, எதுக்கு இப்போ? அவரே மனசு வந்து குடுத்திருக்கார், வெச்சிக்கோயேன்.

— நீ சும்மா இரு சாமி. சொல்லு மே. எதுக்கு வந்தே?

— கத்தியோட வந்தேன் நைனா. நீங்க அத்தினி பேரும் சாப்புடப் போயிருப்பீங்க, ஒருத்தரும் இருக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சே வந்தேன். சாமி இப்ப சொன்னாரே, அதே ஒயரு. அதை அறுத்துப் போட்டா பொட்டி செத்துப்போவும், அப்பால சிட்டம்மா இல்லாம முடியாதுன்னு நீயே வந்து கூப்புடுவேன்னு நெனச்சேன். கிட்டப் போய்க் கத்தியையும் ஓங்கிட்டேன். பாத்தா, மஞ்சத் துணி கட்டிக்கினு, பொட்டு வெச்சிக்கினு, பூ வெச்சிக்கினு அம்மனாட்டம் நிக்குது. கை எறங்கல. கத்தியை இடுப்புல சொருவிக்கினு படுதாவைத் தூக்கப் போய்ட்டேன். நேத்து மட்டும் நான் சாமிக்குப் பயப்படாம இருந்திருந்தா, உன் குஞ்சு ஒண்ணுகூட செத்திருக்காது நைனா.